காலை நேரத்து வீக்கம்

தமிழகத்தினின்று ஹைதராபாத்துக்கு வந்து குடியேறிய குடும்பத்தார் நாங்கள். எங்கள் இல்லத்துப் பெரியவருக்குத் தொண்டையில் கண்ட புற்றுநோய், அறுவைச் சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் நீங்கியது. மூன்று மாதம் சென்றபின் ஒருநாள் காலை, அவருடைய மோவாய்க்குக் கீழே பை தொங்குவதுபோல் வீக்கம் காணப்பட்டது. நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்சினோம். அஞ்சியதனாலேயே இரண்டு மாதம் மருத்துவரிடம் சொல்லாதிருந்தோம். அது எங்கள் பிழை. அப்பிழையைப் பிறரும் செய்யலாகாது என்றே இன்று பேசுகிறோம்.

இவ்வீக்கத்தின் காரணம் யாது? இரத்தக் குழாய்களினின்று கசியும் நீரில் ஒரு பகுதி, நிணநீர் என்னும் பெயருடன் மெல்லிய நாளங்களின் வழியே மீண்டும் இரத்தத்தைச் சேர்கிறது. இடையில் அதனை வடிகட்டும் கணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலுமே உள்ளன. நோய் பரவாதிருக்கக் கணுக்களை அகற்றுகிறார்கள். கதிர்வீச்சினால் நாளங்கள் தழும்பேறுகின்றன. வடிகால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குமன்றோ? இங்கும் அவ்வாறே. இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் வீக்கம் மிகும். நிமிர்ந்து நடமாடினால் மாலைக்குள் சற்றுத் தணியும். தொண்டையின் உட்புறம் வீங்கினால் விழுங்குவதும் பேசுவதும் கடினமாகும். நாட்பட விட்டால் மென்மையான வீக்கம் இறுகிவிடும்.

ஆகையால் முதலில் மருத்துவரிடம் காட்டி, நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர் பயிற்சி பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளரை நாடலாம். டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் 1930-களில் வகுத்த முறைப்படி, தோலை மட்டும் மெல்ல நகர்த்தித் தேங்கிய நீரை வேறு வழியில் திருப்புவார்கள். இது நாம் எண்ணெயிட்டு அழுத்திப் பிடித்துவிடுவது போன்றதன்று. சூடான ஒத்தடமும் ஆகாது. அவர்கள் கற்பிக்கும் தடவலையும் கழுத்துப் பயிற்சியையும் நாள்தோறும் வீட்டில் செய்தல் வேண்டும். அவர்கள் அளவெடுத்துத் தரும் அழுத்தக் கட்டையும் சொன்னபடி அணிதல் வேண்டும். தலையை உயர்த்திப் படுப்பதும், கீறல் படாமல் மின்சவரக் கருவியால் மழித்துக்கொள்வதும் நன்று. தோல் சிவந்து சூடேறிக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க. மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைக.

இந்நகரில் 1955-இல் தோன்றிய மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். வீக்கத்தைத் தெலுங்கில் 'வாப்பு' என்பர். இந்தியில் 'சூஜன்' என்பர். அவ்வொரு சொல்லைச் சொல்லி, கழுத்தைத் தொட்டுக் காட்டினாலே போதும்.

எங்கள் பெரியவர் திருமண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். வீக்கம் முற்றும் மறையவில்லை. ஆயினும் இறுக்கம் தளர்ந்தது. சென்ற தை மாதம் உறவினர் திருமணத்தில் பந்தியில் அமர்ந்து பாயசம் அருந்தினார். முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அண்டை அயலாரும் அவ்வாறே நடந்துகொண்டால், அதுவும் ஒரு மருந்தே.