ரத்தக்குழாய்க்குள் நடக்கும் நடை



2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நம் செங்கல்பட்டுக்கும் ஒன்று உண்டு. நல்ல காரியம். ஆனால் அந்த எட்டு, அறுபதைத் தாண்டியவர்களில் சிலரை மிரட்டுகிறது. சிலரை வீம்புக்கு இழுக்கிறது. இரண்டும் வேண்டாம். ஏன் என்று புரிய, நடக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒற்றை அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. வேகமாக நடக்கும்போது ரத்தம் அவற்றை உரசிக்கொண்டு ஓடும். உடனே அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். குழாய் விரியும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வது குறையும். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயதாக ஆக இந்தச் சுரப்பு குறைகிறது. ஆனால் 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சியே செய்யாதிருந்த நடுவயது, முதிய ஆண்கள் மூன்று மாதம் நடந்தபின், அவர்களின் ரத்தக்குழாய் விரியும் திறன் ஏறக்குறைய இளைஞர்கள் அளவுக்குத் திரும்பியது.

அதே செல்கள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற பொருளையும் வெளியிடுகின்றன. ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் கட்டி கரைக்கும் ஊசிமருந்தும் இந்த வகைதான்! இதைத் தடுக்கும் பொருள் ஒன்றும் ரத்தத்தில் உண்டு. 60 முதல் 82 வயது வரையுள்ள ஆண்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய குழுதான். அந்தத் தடுப்பான் 58 சதவீதம் குறைந்தது. உறைவுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் 13 சதவீதம் இறங்கியது.

சரி, வீம்பு ஏன் கூடாது? பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் விரட்டினால், தட்டணுக்கள் கிளர்ந்து அதிகமாக ஒட்டிக்கொள்ளும். உறைவும் துரிதமாகும். பழகிய உடம்பில் இந்தக் கிளர்ச்சி குறைவு.

மாமல்லபுரத்தில் இருப்பவர்கள் அர்ச்சுனன் தபசிலிருந்து ஐந்து ரதம் வரை, ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், போய்த் திரும்பினாலே தொடக்கத்துக்குப் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். கடல் மணலில் கால் புதையும், இதயத்துக்கு வேலை கூடும். முதல் சில வாரம் தார்ச்சாலையே நல்லது. கடலோரப் புழுக்கத்தில் வேர்வை கொட்டும், வயதானவர்களுக்கோ தாகம் சரியாகத் தெரியாது. ஆகவே கிளம்பும் முன்பே தண்ணீர் குடியுங்கள்.

நடக்கிறோமே என்று உறைவுத் தடுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கையில் நெஞ்சில் அழுத்தம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.