மேகத்தில் வைத்தாலும் பொறுப்பு நம்முடையதே

(ஆரணிப் பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தகவல் தொழில்நுட்ப ஆளுகையும் மேகக் கணிமையும்’ என்று தலைப்பைக் கொடுத்தபோது, இது கம்பெனிக்காரர்கள் பேச வேண்டியதாயிற்றே, திருமலைப் பக்கத்து ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று எனக்கே தோன்றியது. பிறகு, நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் உதவித்தொகைக்காக மாணவர் விவரங்களை அவசரமாகத் திரட்ட வேண்டியிருந்தது. நான்தான் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்தேன். பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அமைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இணைப்பை மூட மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துத் தறி நெய்யும் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். “ஸ்கூல்ல இருந்து பேசறோம், ஸ்காலர்ஷிப் வந்திருக்குன்னு சொன்னாங்க சார். பாப்பா பேரு, கிளாஸு எல்லாம் சரியா சொன்னாங்க. நம்பிட்டேன்” என்றார். ஒரு சேலை நெய்த கூலி போய்விட்டது. 1930 என்ற எண்ணில் புகார் பதிவு செய்ய உதவினேன். போகும்போது அவர், “அவங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?” என்று கேட்டார். எங்கள் தாளிலிருந்துதான் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை. போகவில்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் ஒரு நிறுவனம் எப்போதும் இருப்பதைத்தான் ஆளுகை என்கிறோம். 2008இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 38500 என்னும் பன்னாட்டுத் தரநிலை இதை மூன்று செயல்களாகச் சொல்கிறது: மதிப்பிடுதல், நெறிப்படுத்துதல், கண்காணித்தல். கணினியை இயக்குவது ஒருவருடைய வேலையாக இருக்கலாம். எதை, எதற்காக, யார் பொறுப்பில் இயக்குகிறோம் என்று முடிவு செய்வது நிறுவனத் தலைமையின் கடமை. பள்ளியில் அந்த இடத்தில் தலைமையாசிரியர் இருக்கிறார்.

மேகக் கணிமை என்பதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். முதலாளி பட்டையும் சரிகையையும் எடை போட்டு, கணக்கில் எழுதி நெசவாளரிடம் கொடுக்கிறார். தறி இருப்பது நெசவாளர் வீட்டில். ஆனால் சேலையில் குறை இருந்தால் வாங்கியவர் கடைக்காரரைத்தான் கேட்பார். மேகமும் அப்படித்தான். கணினி வேறொருவருடையது, எங்கோ இருக்கிறது. நாம் வாடகைக்கோ இலவசமாகவோ பயன்படுத்துகிறோம். கட்டடத்தையும் இயந்திரத்தையும் காப்பது அவர்கள் பொறுப்பு. யாருக்குக் கதவைத் திறப்பது என்பது நம் பொறுப்பு.

இந்த இரண்டாவது பொறுப்பு தவறியதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நாம் அனைவரும் பயிற்சி எடுத்த திக்‌ஷா தளத்தின் தரவுகள் இருந்த ஒரு மேகச் சேமிப்பகம் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டின்றிக் கிடந்ததாக 2023 ஜனவரியில் ‘வயர்டு’ இதழ் செய்தி வெளியிட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி அதில் இருந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் இருந்தன. நான் என் ஷீட்டைத் திறந்து போட்டதும் இதுவும் ஒரே வகைத் தவறுதான். அளவுதான் வேறு.

இன்னொன்று தென் கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசுக் கணினிச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. வேறிடத்தில் நகல் இல்லை. மேகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று பத்திரமாக இருக்கிறது என்று பொருளல்ல.

சட்டமும் இப்போது இதைத்தான் சொல்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இச்சட்டப்படி 18 வயது நிறைவடையாத அனைவரும் குழந்தைகள். தரவைக் கையாளும் வேலையை வேறு நிறுவனத்திடம் கொடுத்தாலும், திரட்டியவரின் பொறுப்பு நீங்காது. உரிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

அப்படியானால் நாளைக் காலை பள்ளியில் என்ன செய்யலாம்?

முதலாவது, பள்ளியின் தரவு பள்ளியின் கணக்கில் இருக்கட்டும். ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். மாறுதலிலோ ஓய்விலோ செல்பவர் ஆய்வக இருப்புப் பதிவேட்டை ஒப்படைப்பதுபோல் இந்தக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பேற்பவர் அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, தேவைப்படுவதை மட்டும் கேளுங்கள். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பவரிடம் ஆதார் எண் எதற்கு?

மூன்றாவது, குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் இணைப்பைத் திறங்கள். வேலை முடிந்ததும் மூடுங்கள். எமிஸ் கடவுச்சொல்லை கணினி மையத்தில் எழுதிக் கொடுத்து வராதீர்கள்.

நான்காவது, முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் வையுங்கள். பருவத்துக்கு ஒரு முறை அந்த நகலைத் திறந்து பாருங்கள்.

ஐந்தாவது, தவறு நேர்ந்தால் அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022இல் ஆணையிட்டது. தவற்றைச் சொன்னவரைத் திட்டினால் அடுத்தவர் மறைப்பார். இதைத் தலைமையாசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இவ்வளவும் ஆசிரியர் தலையில் மட்டும் விழக் கூடாது. எமிஸில் ஏற்கெனவே உள்ள விவரத்தை மறுநாள் இன்னொரு ஷீட்டில் கேட்கும்போது ஒரு நகல் கூடுகிறது. பூட்ட வேண்டிய கதவும் ஒன்று கூடுகிறது. கேட்பவர் எதற்காக, யார் பார்வைக்கு, எப்போது அழிக்கப்படும் என்று மூன்று வரி எழுதிக் கேட்டால், தருவதும் எளிது, காப்பதும் எளிது.

திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி குந்தவை ஜினாலயத்துக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. கொடுத்தவர் யார், பெற்றது எது, எதற்காக என்பது ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் தெரிகிறது. அது ஊரார் எல்லாரும் படிக்க வேண்டும் என்று வெட்டியது. குழந்தையின் விவரம் அப்படியல்ல, அதை எல்லாரும் படிக்கக் கூடாது. ஆனால் யார் கொடுத்தார், யாரிடம் இருக்கிறது, எதற்காக என்ற கணக்கு இதற்கும் வேண்டும்.

இப்போது எங்கள் பள்ளியில் அதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். எந்தக் கோப்பு, யார் பொறுப்பு, யாருக்குத் திறந்தோம், என்று மூடினோம் என்று எழுதுகிறோம். இனி ஒரு தாய் வந்து கேட்டால், அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.