அடுத்த அறையில் இருந்த விடை

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பெற்றோர் ஆசிரியரிடம் வந்து முறையிடுவர். மிகுந்த அறிவுடைய பிள்ளையைப் பெற்றவரோ வாய் திறக்கத் தயங்குவர். தற்பெருமை என்று ஊர் சொல்லிவிடுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் ஒருநாள் வகுப்பறை வாயிலில் வந்து நின்றார். "தமிழையா, இவன் கேட்பதற்கெல்லாம் எங்களுக்கு விடை தெரியவில்லையே" என்றார். "நல்லதுதானே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் நாடி வந்தது பாராட்டை அன்று, துணையை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கணிதமேதை இராமானுசனின் இளமையை நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் எளிய வீடு. தந்தை துணிக்கடைக் கணக்கர். அவ்வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர் இருவர் தமக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அச்சிறுவனுக்குச் சொல்லித் தந்தனர். லோனி எழுதிய முக்கோணவியல் நூலும் இரவலாகக் கிடைத்தது. பதின்மூன்று வயதுக்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார். 1903-இல் நண்பர் ஒருவர் வழியாகக் காரின் கணிதத் தொகுப்பு கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. அந்தக் குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று! ஒவ்வொன்றையும் தாமே நிறுவத் தொடங்கினார். பெற்றோரால் தர இயலாததைச் சுற்றியிருந்தோர் தந்தனர்.

கல்லூரியில் நிலைமை மாறிற்று. கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் உதவித்தொகை நின்றது. 1905-இல், பதினேழு வயதில், வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுவிட்டார். மேதையின் வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அன்னை கோமளத்தம்மாளுக்கு அந்நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்?

நம் குடும்பங்களில் பொறியாளர் உண்டு, மருத்துவர் உண்டு, கணக்காயர் உண்டு. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் கேள்விகளுக்குச் செவி கொடுங்கள். பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். விருந்தினர் முன் பிள்ளையை நிறுத்தி வாய்ப்பாடு ஒப்பிக்கச் செய்யாதீர்கள். தேர்வில் முதலிடம் தவறிய நாளிலும், அவன் விரும்பிப் படிக்கும் நூலைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

அந்தத் தாயின் மகன் கேட்ட கேள்வியைப் பின்னாளில்தான் அறிந்தேன். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் ஏன் இல்லை என்பதே அது. எனக்கு விடை தெரியாது. கணித ஆசிரியர் அடுத்த அறையில்தான் இருந்தார். அவனை அழைத்துச் செல்லப் பத்தடி நடந்திருந்தால் போதும்.