உட்கார ஓர் இடம்



பயணம் பற்றிப் பேசும்படி நம் தமிழ்ச் சங்கம் கேட்டுக்கொண்டது. ஒரே ஒரு நாள் பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மெல்பர்னிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ புறப்படுகிற நம்மில் பலரும் சிங்கப்பூரில்தான் விமானம் மாறுகிறோம். அங்கே ஒரு பகல் பொழுதும், சட்டைப்பையில் முப்பது வெள்ளியும் இருந்தால் போதும். விசா விவரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொண்டு, வெளியே இறங்கி, அந்த ஊரின் கடைத்தொகுதிகளைச் சுற்றிப் பாருங்கள். வாங்குவதற்காகச் சொல்லவில்லை. மனிதர்களைப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

கடைத்தொகுதியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிற ஊர். வெயில் அடித்தால் மண்டை காயும். மழை பிடித்தால் தெரு தெரியாது. ஆகவே நம் ஊரில் ஆலமரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் நடக்கிற வாழ்க்கை, அங்கே குளிரூட்டிய கட்டடங்களுக்குள் நடக்கிறது.

விமான நிலையத்திலேயே தொடங்கலாம். முதலாம் முனையத்தை ஒட்டி 2019-இல் திறந்த ஜுவல் இருக்கிறது. கண்ணாடிக் கூரையின் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். சுற்றிலும் அடுக்கடுக்காகச் செடிகொடிகள். பார்க்கக் கட்டணம் கிடையாது. கோடீஸ்வரரும் துப்புரவு ஊழியரும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து ரயில். நம் வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம். நகருக்குள் போக இரண்டு வெள்ளி சொச்சம்தான் ஆகும். எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. நிலையத்தின் பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கும். வெளியே வந்ததும் தேக்கா நிலையம் என்னும் சந்தைக் கட்டடம். கீழே ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும், மேலே துணிக்கடைகளும் தையற்கடைகளும். காலி மேசையில் ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், அந்த இடத்தை ஒருவர் பிடித்துவைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார் என்று பொருள். அதை யாரும் தொட மாட்டார்கள். ஐந்தாறு வெள்ளிக்குள் தோசையும் தேநீரும் முடிந்துவிடும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும்; 2021 முதல் அது சட்டம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பட்டுக்கோட்டைப் பேச்சும் பரமக்குடிப் பேச்சும் காதில் விழும். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் நின்ற பிள்ளைகள், அன்றைக்குத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

அடுத்து ஆர்ச்சர்ட் சாலை. அங்கே பளபளக்கிற கடைத்தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே 1978-இல் திறந்த லக்கி பிளாசா என்னும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது பிலிப்பீன்ஸ் நாட்டுப் பணிப்பெண்களின் ஊர். பணம் அனுப்பும் முகப்புகளில் நீண்ட வரிசை. வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகளில் சோப்பு, சாக்லேட், காலணி எல்லாம் இடைவெளி விடாமல் அடுக்கப்படும். ஒரு பெண்ணை நான் நின்று பார்த்தேன். சிறுவர் சட்டை ஒன்றைத் தன் மார்போடு விரித்துப் பிடித்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் இருந்த பையனிடம் எழுந்து நிற்கச் சொன்னாள். அவன் நின்றான். திரையையும் சட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அடுத்த அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டாள்.

2013 முதல் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று சட்டம் சொல்கிறது. ஈடாகப் பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்க இடம் இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்று 2023-இல் விதி வந்தது. நாள் கிடைத்துவிட்டது. அந்த நாளைக் கழிக்க இடம் வேண்டுமே! அதைத்தான் இந்தப் பழைய கட்டடங்கள் கொடுக்கின்றன. பெனின்சுலா பிளாசாவில் மியன்மார்க்காரர்கள், பாய லேபாரின் சிட்டி பிளாசாவில் இந்தோனேசியப் பெண்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கட்டடம்.

பழைய கட்டடங்களில் மட்டும் இது ஏன் நடக்கிறது? காரணம் உண்டு. அவற்றில் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. வாடகையை அந்தந்த உரிமையாளரே முடிவு செய்கிறார். அதனால் சிறு முதலோடு வருகிறவரும் ஒரு சின்னக் கடை போட முடிகிறது. தன் ஊர்க் கருவாட்டையும் தன் ஊர் ஊறுகாயையும் விற்க முடிகிறது. புதிய கடைத்தொகுதிகள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. எந்தக் கடை எங்கே என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கும். பெரிய வாடகை கொடுக்கிற பெயர்களுக்கே அங்கே இடம்.

சைனாடவுனில் இறங்கினால் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸைப் பார்க்கலாம். 1966-இல் தீக்கிரையான சந்தை இருந்த இடத்தில் எழுந்து, 1973-இல் முழுமையடைந்த கட்டடம். வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியோவ் சுவான் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள், நகரத்துக்கே ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று எண்ணி நடுவில் பல மாடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டார்கள். விற்றால் காசு தரக்கூடிய இடத்தை மக்கள் கூடுவதற்கென்று ஒதுக்கிய அந்த மனசை நான் வணங்குகிறேன்.

அதே 1973-இல் எழுந்ததுதான் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். தாய்லாந்துத் தொழிலாளர்கள் சாப்பிட்ட இடம், ஹாட் யாய்க்குப் பேருந்து ஏறிய இடம். 2021-இல் அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தார்கள். 2022-இல் அது 70 கோடி வெள்ளிக்குக் கைமாறியது. 2023-இல் கடைகள் காலியாயின. கட்டடத்தின் உருவம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அங்கே கூடிய மக்கள் கலைந்துபோனார்கள். சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. கூட்டத்தைக் காக்க நாம்தான் இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பாதையின் கடைசி நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கே 2006-இல் திறந்த விவோசிட்டியைச் சிங்கப்பூரின் மிகப்பெரிய கடைத்தொகுதிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். கூரைத் தளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் குழந்தைகள் இறங்கி ஆடுகிறார்கள். மூன்றாம் மாடியில் 2019 முதல் ஒரு பொது நூலகம் இயங்குகிறது. உறுப்பினர் அட்டை இல்லாமலே உள்ளே போய், செந்தோசாத் தீவைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கலாம். விலைமிக்க வணிகத் தளத்தில், ஒரு காசும் வாங்காத நாற்காலிகள். பழைய கட்டடங்களில் மக்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட இடத்தைப் புதிய கட்டடத்திலும் உண்டாக்க முடியும். அதற்கு யாராவது முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இந்த நூலகமே சாட்சி.

நண்பர்களே, ஓர் ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அதன் கோபுரங்களைக் கொண்டு நான் அளப்பதில்லை. கையில் காசில்லாமல் வந்தவர் கூச்சமில்லாமல் உட்கார அங்கே எத்தனை இடம் இருக்கிறது என்று பார்ப்பேன். சங்கங்களுக்கும் அதே அளவுகோல்தான்.

நாம் வாழும் மெல்பர்னையே எடுத்துக்கொள்வோம். படிக்க வந்து, வாடகையும் கல்விக்கட்டணமும் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்க்க வந்து, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நாள் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் இருக்கிற அம்மா அப்பா இருக்கிறார்கள். புதிதாகக் குடியேறி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நம் விழாக்களுக்கு நுழைவுச்சீட்டு உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு, முன்வரிசை உண்டு. சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போக ஒரு நாள் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வரும் ஆண்டில் ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடத்தைத் திறந்துவைப்போம். சீட்டு வேண்டாம், சந்தா கேட்க வேண்டாம், மேடையும் மாலையும் வேண்டாம். நாற்காலிகள், ஓர் அண்டா தேநீர், ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள், கேட்டதற்குப் பதில் சொல்ல நம்மில் இரண்டு பேர். இவ்வளவுதான் தேவை. முதல் ஞாயிற்றுக்குத் தேநீர்ச் செலவு என்னுடையது. கதவைத் திறக்கவும் நானே வருகிறேன். இரண்டாம் ஞாயிற்றை ஏற்க விரும்புகிறவர்கள், இரவு உணவுக்குப் போகும் முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.