எந்தத் தேதியிலிருந்து?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் எனக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். தலைப்பு என் விருப்பம் என்றார். "பெரும் வேகத்தையும் தவிர்க்க முடியாமையையும் சொல்லும் ஆங்கில வினையடைகள்" என்று எழுதிக் கொடுத்தேன். "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கலா, இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்டா?" என்று கேட்டார். மெக்கானிக்கல்தான் அண்ணே! ஆனால் வேலைக்குப் போன பிறகு ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிட ரிப்போர்ட் எழுதிய நேரம்தான் அதிகம். இங்கே உட்கார்ந்திருக்கும் பல பேருக்கும் அதே கதைதான் என்று நினைக்கிறேன்.

நம்மில் நிறையப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். அகராதியைப் புரட்டினால் இந்த வகைச் சொற்களுக்கெல்லாம் "தவிர்க்க முடியாதபடி", "தடுக்க முடியாதபடி" என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும். சரி, எதைப் போட்டால் என்ன என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் மனிதனுக்கு ஒவ்வொரு வழியை அடைக்கிறது. சொல்லின் வேரைப் பார்த்தால் இது விளங்கும்.

'இனெவிட்டப்ளி' என்றால் விலகிப் போக வழியில்லை. 'இர்ரெஸிஸ்டிப்ளி' என்றால் எதிர்த்து நிற்க முடியாது. 'இனெக்ஸரப்ளி' என்பதன் லத்தீன் வேர், கெஞ்சிக் கேட்டு மனம் இரங்கச் செய்வதைக் குறிப்பது. அதன் மறுப்புதான் இந்தச் சொல். அழுதாலும் தொழுதாலும் நிற்காது. 'ரிலென்ட்லெஸ்லி' என்றால் இளகாமல், ஓயாமல். 'ஓவர்வெல்மிங்லி' என்பதற்குள் இருப்பது கவிழ்த்துப் போடுவது என்ற இடைக்கால ஆங்கில வினை. படகைக் கவிழ்த்து மூழ்கடிக்கிற மாதிரி. 'இனெலக்டப்ளி' என்று இன்னொன்று உண்டு. மல்லுக்கட்டியும் பிடியிலிருந்து விடுபட முடியாது என்று பொருள். அதை நாவல் எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுவோம், ரிப்போர்ட்டில் வேண்டாம்.

வேர் மட்டும் போதாது, இன்றைய பழக்கமும் தெரிய வேண்டும். 'ஓவர்வெல்மிங்லி' இப்போது பெரும்பாலும் அளவைச் சொல்கிறது. மிகப் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள் என்கிற இடத்தில் வரும். 'இர்ரெஸிஸ்டிப்ளி' என்றதும் ஆங்கிலேயர் மனதில் முதலில் வருவது ஈர்ப்பு. பலகாரக் கடை வாசனை நம்மை இழுக்கிறதே, அது. 'இனெக்ஸரப்ளி' படிப்படியாக முன்னேறுவதற்கு. பாய்லர் வெடித்ததற்கு அதைப் போட்டால் பொருந்தாது.

ஒரே ஒரு பாலத்தை வைத்து இவற்றைச் சோதித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நேரோஸ் தொங்குபாலம். முறுக்கிக்கொண்டு ஆடி விழுகிற அந்தப் படத்தை நம்மில் பலர் வகுப்பிலேயே பார்த்திருப்போம். 1940 ஜூலை 1-இல் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7-இல் விழுந்தது. காருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நாய் இறந்தது. மனிதர் யாரும் இறக்கவில்லை.

அன்று அடித்த காற்று மணிக்குச் சுமார் 40 மைல். பலத்த காற்றுதான், ஆனால் ஒரு பெரிய பாலத்துக்கு அது எதிர்க்க முடியாத காற்று இல்லை. ஆகவே 'இர்ரெஸிஸ்டிப்ளி' தவறு. காற்று ஓயாமல் அடித்தது. அதற்கு 'ரிலென்ட்லெஸ்லி' சரி. காலை 10 மணி வாக்கில் தளம் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு முறுக்கலும் அதே காற்றிலிருந்து மேலும் சக்தியை இழுத்துக்கொண்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் நடுப்பகுதி கீழே விழுந்தது. இப்படி வளர்ந்துகொண்டே போகிற ஆட்டத்துக்கு 'இனெக்ஸரப்ளி' அச்சாகப் பொருந்தும்.

சரி, 'இனெவிட்டப்ளி' விழுந்தது என்று எழுதலாமா? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. முறுக்கல் முற்றிப்போன பிறகு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பாலத்துக்கு முதலில் போட்ட திட்டத்தில் 25 அடி ஆழமுள்ள சட்டக அமைப்பு இருந்தது. செலவு குறைவு என்று 8 அடித் தகட்டு கர்டர்கள் வைத்த மெல்லிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைபட மேஜையில் அது தவிர்க்கக்கூடியதாகத்தான் இருந்தது. 1950-இல் திறந்த புதுப் பாலத்துக்கு 33 அடி ஆழத்தில் சட்டகம் வைத்தார்கள். அதே நீரிணை, அதே காற்று. அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது.

ஆக, 'இனெவிட்டப்ளி' என்ற சொல்லுக்கு ஒரு தேதி உண்டு. தேதி போடாமல் அந்தச் சொல்லைப் போட்டால், அதற்கு முன்னால் முடிவெடுத்த மனிதர்கள் எல்லோரும் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

நான் வேலையில் பார்த்தது ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு பழைய பம்ப் இராத்திரி ஷிப்டில் பேரிங் ஜாம் ஆகி நின்றது. "பம்ப் பழசு, பேரிங் இனெவிட்டப்ளி போனது" என்று டிராஃப்ட் ரிப்போர்ட் வந்தது. யாரையும் குறை சொல்லாத, நாகரிகமான வாக்கியம். ஆனால் ஆபரேட்டரின் லாக் புத்தகத்தில் மூன்று வாரமாக அதிர்வு கூடுகிறது என்று கோணல்மாணலான தமிழில் எழுதியிருந்தது. கூட்டத்தில், "சார், இனெவிட்டப்ளி என்றால் எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, "முதல் வாரமே கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்" என்று மாற்றினார்கள். பக்கத்திலேயே அதே வயதில் இன்னொரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வாக்கியம் நின்றிருந்தால் அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். புது வாக்கியத்தால் அதை நிறுத்திப் பேரிங்கை மாற்றினார்கள்.

நமக்கு இது புதிதில்லை. வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரம் வைத்தார். அதோடு விடாமல் ஆள்வினையுடைமை என்று இன்னொன்றும் வைத்தாரே! முதலாவதை மட்டும் படித்துவிட்டு ரிப்போர்ட் எழுதக் கூடாது.

இளைய நண்பர்களுக்கு மூன்று கேள்விகளைத் தந்து முடித்துக்கொள்கிறேன். ஒன்று, நான் சொல்ல வருவது விசையையா, அளவையா, முடிவையா? இரண்டு, அது திடீரென்று வந்ததா, படிப்படியாக வந்ததா? மூன்று, தவிர்க்க முடியாது என்றால் எந்தத் தேதியிலிருந்து? மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் வினையடையை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். வாக்கியம் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். பரவாயில்லை, உண்மையாக இருக்கும்.

பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.