தூசி மறைத்த இமயம்

மிக உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து தரையைப் படமெடுப்பதற்குப் பெருந்தடையாக நிற்பது, விமானத்தைச் சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும், வெகு கீழே நிலத்தை ஒட்டிக் கிடக்கும் காற்றே ஆகும். வளிமண்டலத்தின் நீராவியிலும் தூசியிலும் பெரும்பகுதி முதல் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கிவிடுவதால், அங்கே சிதறும் சூரிய ஒளியின் ஒரு பகுதி, தரையைத் தொடாமலேயே மேல்நோக்கித் திரும்பி லென்சுக்குள் நுழைந்து, படத்தில் நிழல்களின் கருமையை வெளுக்கச் செய்கிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிப்பதால், மஞ்சள் வடிகட்டி, அதாவது நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும் வண்ணக் கண்ணாடி, அதை ஓரளவு தடுத்துவிடும். பருத்த தூசித் துகள்களோ எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிப்பதால், அவற்றின்முன் வடிகட்டி பெரிதும் உதவுவதில்லை.

இதற்கு 1933ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பறப்பைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஹூஸ்டன் சீமாட்டியின் பொருளுதவியுடன், பீகாரின் பூர்ணியாவுக்கு அருகிலிருந்து ஏப்ரல் 3ஆம் நாள் கிளம்பிய இரண்டு விமானங்கள் அச்சிகரத்தை முதன்முதலாகக் கடந்தபோது, மேலே வானம் தெளிந்திருந்தது; ஆனால் சமவெளியின் கோடைத் தூசி ஏறக்குறைய 19,000 அடி வரை எழுந்து, அடிவாரக் குன்றுகளை மறைத்திருந்தது. பக்கவாட்டில் எடுத்த சிகரப் படங்கள் உலகின் வியப்பைப் பெற்றன என்றாலும், பயணத்தின் அறிவியல் பயனாக எண்ணப்பட்டவை நேர் கீழ்நோக்கி எடுக்கும் நில அளவைப் படங்களே. ஒரு படத்தில் விழுந்த நிலத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அடுத்த படத்திலும் விழுந்து தொடராக அமைந்தால்தான் மேடுபள்ளங்களை அளக்க இயலும் என்பதால், தூசியால் அறுந்த அத்தொடர் அன்று பயன்படாமற்போனது.

பருவத்தைத் தேர்வதும் அங்கே எளிதன்று. குளிர்காலத்தில் ஜெட் ஓட்டம் எனப்படும் அதிவேக மேல்திசைக் காற்று சிகரங்களின்மேல் சீறும். அது தணியத் தொடங்கும்போது சமவெளி காய்ந்து தூசி எழும். தூசி அடங்கும் நேரத்தில் பருவமழை மேகம் மலையை மூடிவிடும். ஆகவே ஹைட்ரஜன் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை விலகிச் செல்லும் கோணத்தைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணித்த பின்னரே பறப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. கடுங்குளிரில் எண்ணெய் இறுகி ஷட்டர் சிக்கிக்கொள்ளும், ஃபிலிம் நொறுங்கும் என்பதால் கேமராக்கள் மின்சாரத்தால் சூடேற்றப்பட்டன.

ஏப்ரல் 19ஆம் நாள் அவ்விமானங்கள் மீண்டும் கிளம்பின. மேல்காற்று தங்களைக் கிழக்கே தள்ளிவிடும் என்பதைக் கணக்கிட்ட விமானிகள், சிகரத்தை நேரே நோக்காமல் மேற்கே ஒதுங்கிச் சென்று அதை அணுகினர். அளவைக்கு வேண்டிய தொடர்படங்கள் அந்தப் பறப்பில்தான் கிடைத்தன.