கையெழுத்துக்கு முன்னால் பேச்சு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் நடத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. "இத்தனை வருசமா நாங்க நடத்தாத கூட்டமா?" என்று நீங்க கேட்கலாம். நியாயம்தானுங்க. ஆனால் ஊர் ஊராகப் போகிறபோது நாங்கள் பார்ப்பது என்ன? சந்தாப் பணம் பிள்ளைகளிடம் வந்து சேருது. தீர்மான நோட்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குது. நோட்டில் 15 பேர். திண்ணையில் உட்கார்ந்து பேசியது நாலு பேர்.

இதனால் என்ன கெட்டுப்போச்சு? கொஞ்சம் யோசிங்க. குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரை வங்கி ஈடு கேட்பதில்லை. பத்திரமும் வேண்டாம், நகையும் வேண்டாம். குழுவின் ஒற்றுமைதான் ஜாமீன். ஒருத்தர் கட்டாவிட்டால் அந்தச் சுமை எல்லார் தலையிலும் விழும். யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் போட்ட கையெழுத்துக்கும் இதே கதிதான்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டம் கொண்டுவந்தது. சொத்தில்லாத பெண்களை எப்படி நம்புவது? அதற்கு விடையாக நிலைத்ததுதான் பஞ்ச சூத்திரம்: முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, சரியான கணக்கு. கூட்டம் ஏன் முதலில் நிற்குது? மற்ற நாலும் நடக்கும் இடம் அதுதானே!

சரி, எப்படி நடத்தலாம்?

நேரம்: சொசைட்டிக்குப் பால் ஊத்துற நேரம், பனியன் கம்பெனி, தறி வேலை முடியும் நேரம் எல்லாம் பார்த்து, எல்லாரும் சேர்ந்து குறிக்கணும். பேசப் போகிற விசயத்தை முந்தின நாளே சொல்லிவிடுங்க.

தொடக்கம்: போன கூட்டத்துத் தீர்மானத்தை உரக்கப் படிங்க. செய்ததா, செய்யலையா என்று கேளுங்க. பிறகு வசூல். கையிருப்பு எவ்வளவு என்று எல்லார் காதிலும் விழணும். பணத்தைக் கட்டியதும் யாரும் எழுந்து போகக் கூடாது.

பேச்சு: எல்லாரும் வட்டமாக, ஒரே மட்டத்தில் உட்காருங்க. ஊக்குநர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிடுவாங்க. அதனால் பேசாமல் இருக்கிறவரை முதலில் கேளுங்க. ஊக்குநர் கடைசியில் பேசட்டும். ஊக்குநரே கடன் கேட்டால், அன்றைக்கு வேறொருத்தர் கூட்டத்தை நடத்தட்டும்.

கடன்: எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவீங்க? இந்த மூணையும் எல்லாரிடமும் கேளுங்க. ஒரு குழுவில் கையிருப்பு ஒருத்தருக்குத்தான் போதும். ஒருத்தருக்குக் கறவை மாடு வாங்கணும். இன்னொருத்தருக்குப் பையனின் பாலிடெக்னிக் ஃபீஸ். வட்டமாக உட்கார்ந்து பேசினாங்க. ஃபீஸுக்குக் கடைசித் தேதி இருந்தது. "மாடு அடுத்த மாசம் வாங்கிக்கலாமுங்க" என்று கேட்டவரே விட்டுக்கொடுத்தார். இதையே வீடு வீடாகப் போய் முடிவு செய்திருந்தால் பகைதான் மிஞ்சியிருக்கும்.

தீர்மானம்: யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே எழுதணும். ஒப்பாதவர் சொன்னதையும் எழுதணும். எழுதியதை உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. படிக்கத் தெரியாத அக்காவுக்கும் அப்போதுதான் அது அவருடைய கையெழுத்து.

அடுத்த கூட்டத்தில் ஒன்று செய்யுங்க. தீர்மான நோட்டை வட்டத்தின் நடுவில் வையுங்க. கையெழுத்துக்காக அது எந்த வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே இருக்கட்டும். ஏன் வரலைன்னு மறுநாள் போய் விசாரிச்சுட்டு வாங்க. அதுவும் குழு வேலைதான்.